இரண்டு ஹெர்ட்ஸ்

பீல் நகரத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்.
தெருப்பலகையில் மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
நோவுக்கும் அப்படித்தான்:
பூச்சியத்திலிருந்து பத்துவரை
எங்கே நிற்கிறது உங்கள் வலி என்று
தாளில் இரண்டு மொழியிலும் கேட்டிருந்தார்கள்.
ஏழில் வட்டம் போட்டேன்.
பேனை பிடித்ததற்கே ஒன்று கூடியிருக்கும்.

பத்தொன்பது வருடம் கைக்கடிகாரத் தொழிற்சாலை.
எள்ளைவிடச் சின்னத் திருகாணி,
சாவணத்தின் நுனியில், மூச்சை அடக்கி.
ஒரு நாள் காலை முழங்கையின் வெளிப்பக்கம்
தேநீர்க் கோப்பையைத் தூக்கமாட்டேன் என்றது.

முதல் ஆறு கிழமை கையால்.
மதாம் வூமார் ஊசியை விரலிடுக்கில் பிடித்து
விளக்குக்குத் திரி திரிப்பதுபோல உருட்டுவார்,
உருட்டும்போது பார்ப்பது என் முகத்தை.
"வந்ததா?"
வந்தது. ஒரு கனம்.
பிழிய முன் ஈரச்சீலைக்கு இருக்கிற கனம்
மணிக்கட்டுக்கு மெல்ல இறங்கி
விரலில் போய்க் குந்தும்.
அவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்.
திரும்பி வந்து உருட்டும்வரை ஊசி சும்மா நிற்கும்,
பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப்போல.
ஏழு, ஐந்தாயிற்று.
ஐந்தரை என்று போடத் தாளில் இடமில்லை.

அடுத்த ஆறு கிழமை கரண்டில்.
அதே ஊசி, அதே இடம்,
ஊசியின் கழுத்தைக் கவ்வச் சின்ன முதலை வாய்கள்,
சிவப்பொன்று கறுப்பொன்று,
வயர் போய் முடிகிற இடத்தில்
சோப்புப்பெட்டியளவு ஒரு கருவி.
குமிழைத் திருப்பினார். இரண்டு ஹெர்ட்ஸ்.
விநாடிக்கு இரண்டு தட்டு.
என் சுட்டுவிரல் என்னைக் கேளாமல்
தலையாட்டத் தொடங்கியது,
முதலாளி சொல்லும் பொய்க்கு
ஓம் ஓம் என்கிறமாதிரி.
சிரித்துவிட்டேன்.
பிறகு கொஞ்சம் பயம்.

முழங்காலுக்கு வருகிற க்னேகி,
ரயில்வேயில் இருந்து ஓய்ந்தவர்,
தன் வாக்கு கரண்டுக்குத்தான் என்றார்.
"கை ஒரு நாளைப்போல் இன்னொரு நாள் இராது.
இது இரண்டென்றால் இரண்டு."
என்னிடம் இருப்பது சி அட்டை,
இந்த நாட்டில் வாக்கில்லை.
கோட்டை மாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஒன்பதாம் முறை
பச்சை விளக்கு மினுங்கியது, கண்ணை மூடினேன்.
தட்டு. தட்டு. விரலடியில் தெளிவாக,
இருபது நிமிடமும்.
கண்ணைத் திறந்தால்
கறுப்பு வயர் கழன்று விரிப்பின்மேல்
வாய் திறந்தபடி கிடக்கிறது.
விரல் அசைவற்றுக் கிடக்கிறது.
அப்போ தட்டினது யார்?
நான் சொல்லவில்லை. அவர் கவனிக்கவில்லை.
தாளில் மூன்று போட்டுவிட்டு
ட்ரொலிபஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.
தலையில் இரண்டு கொம்பு கொழுவிய பஸ்,
ஒன்று கழன்றால் நடுத்தெருவிலேயே நின்றுவிடும்.
அன்றிரவு
அரிசிப் பானையை இடக்கை உதவியில்லாமல் இறக்கினேன்.

கடைசி நாள் பெட்டியை வெளியே எடுக்கவில்லை.
பட்டரி இறங்கிவிட்டதாம்,
கையாலேயே செய்கிறேன் என்றார்.
ஊசியைப் பிடித்தபோதுதான் கண்டேன்,
அவருடைய பெருவிரல் அடியில் தோல்நிறப் பட்டி,
விளிம்பு அழுக்கேறி, பலநாள் கட்டு.
இருபத்தாறு வருடம் உருட்டின பெருவிரல்.
அந்தப் பெட்டியை அவர் வாங்கியது
என் முழங்கைக்கு மட்டும் என்று
எப்படி நினைத்தேன்.

மூன்று சுற்று.
நான்காவதில் அவர் உதடு ஒரு பக்கம் சுருங்கியது.
கனம் இறங்கிக்கொண்டிருந்தது, மணிக்கட்டு, விரல்.
"வந்ததா?"
ஊருக்கு இரண்டு மொழி இருந்தும்
அவசரத்துக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.
தமிழிலேயே கேட்டேன்:
"உங்களுக்கு நோகுதோ?"

விளங்காமல் தலையாட்டினார்,
மெல்ல, ஒரே ஒரு தடவை.